பக்கத்து நட்சத்திரம்

நான் நட்சத்திரங்களைப் பார்ப்பது காலை ஐந்தரை மணியிலிருந்து ஏழு மணி வரை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வீடு. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்காருவேன். ஏழு மணிக்கு அந்த இடத்துக்கு இட்லித் தட்டு வந்துவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும். வானியல் ஆராய்ச்சி செய்கிறேன் என்று தெரிந்தவுடன் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பீங்களா சார்?" என்பதுதான். நான் பத்து மணிக்குப் படுத்துவிடுகிறவன். பெரிய தொலைநோக்கி எதையும் நேரில் பார்த்ததுகூட இல்லை. இதைச் சொன்னால் கேட்டவர்களுக்கு முகம் விழுந்துவிடும். அதனால் சில வருடங்களாக, "ஆமாங்க, சில நாள்" என்று சொல்லிப் பேச்சை மாற்றக் கற்றுக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், பின்னால் நடந்த அத்தனைக்கும் தொடக்கம் அந்த மாதிரிச் சின்னச் சின்னத் தலையாட்டல்கள்தான் என்று தோன்றுகிறது.

இன்றைக்கு வானியலில் பாதி வேலை கணினியில் நடக்கிறது. விண்வெளியில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு தொலைநோக்கி, வானத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியையும் ஏறத்தாழ ஒரு மாதம் விடாமல் படம் பிடிக்கிறது. பிறகு அடுத்த பாத்திக்கு நகர்கிறது. அந்தப் படங்களை எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிடுகிறார்கள். அவற்றிலிருந்து ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் நேரத்துக்கு நேரம் எப்படி இருந்தது என்று ஒரு கோடு வரையலாம். கோடு பெரும்பாலும் தட்டையாக, லேசான நடுக்கத்தோடு போகும். எங்கேயாவது ஒரு சின்னப் பள்ளம் விழுந்து, அதே பள்ளம் அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த நட்சத்திரத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று கடந்து போகிறது என்று பொருள். அது கோளாக இருக்கலாம். இன்னொரு நட்சத்திரமாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். நான் தேடுவது அந்தப் பள்ளங்களைத்தான்.

கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். முப்பத்தெட்டு வயதில், சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வுத் துறையில், பகுதிநேர முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். பட்டம் இல்லாவிட்டால் பதவி உயர்வு இல்லை என்று எங்கள் நிர்வாகம் சொல்லிவிட்டதுதான் காரணம். ஆனால் வானியலை எடுத்தது என் ஆசை. கூடப் படித்தவர்கள் எல்லாம் மெல்லிய படலங்களையும் நானோ துகள்களையும் எடுத்து, மூன்று வருடத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் ஐந்தாவது வருடத்தில் இருந்தேன். ஒரு கட்டுரைகூட அச்சாகவில்லை.

என் நெறியாளர் என்னைவிட மூன்று வயது இளையவர். அவருக்கு நான் சார், எனக்கு அவர் மேடம். அதிகம் பேசமாட்டார். சனிக்கிழமைதோறும் காலையில் பேருந்து பிடித்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, சிதம்பரத்தில் இறங்கி அவரைப் பார்ப்பேன். நான் கொண்டுபோகிற வரைபடங்களை அவர் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். "இது தூசி. இது தொலைநோக்கி லேசா அசைஞ்சது. இது ரெட்டை நட்சத்திரம், அடுத்தடுத்த பள்ளம் ஒரே ஆழம் இல்ல பாருங்க." பத்து நிமிடத்தில் ஒரு வாரத்து வேலை முடிந்துவிடும். திரும்பி வரும்போது உட்கார இடம் கிடைக்காத நாட்களில், இரண்டு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதெல்லாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டே வருவேன்.

அந்த நட்சத்திரம் கிடைத்தது ஒரு புதன்கிழமை. அதற்குப் பெயர் கிடையாது. நீளமான ஓர் எண்தான். கோடு ஆறு நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கீழே இறங்கி, சில மணி நேரம் தட்டையாக ஓடி, மறுபடி ஏறியது. ஒரு மாதப் பதிவில் நான்கு பள்ளங்கள். நான்கும் ஒரே ஆழம். நான்கும் ஒரே அகலம். சமையலறையில் மனைவி மிக்சியைப் போட்டதில் மேசை அதிர்ந்துகொண்டிருந்தது. நான் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பட்டியல்களில் தேடினேன். அந்த எண்ணுக்கு எதிரே யாரும் எதுவும் குறித்திருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மேடம் முதல்முறையாக ஒரு வரைபடத்தைத் தள்ளாமல் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நல்லாருக்கு சார். பிக்சல் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல மேடம்."

"அத மொதல்ல பாத்துடுங்க. அதுக்கு முன்னாடி வேற எதுவும் வேணாம்."

அவர் சொன்னது இதுதான். அந்தத் தொலைநோக்கி ஒரே பார்வையில் வானத்தின் பெரிய பரப்பைப் படம் பிடிக்கிறது. அதனால் படத்தின் ஒவ்வொரு கட்டமும், அதாவது ஒவ்வொரு பிக்சலும், பெரிதாக இருக்கும். ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று நட்சத்திரங்களின் வெளிச்சம் கலந்து விழும். பள்ளம் உண்மையில் எந்த நட்சத்திரத்தில் விழுந்தது என்பது கோட்டைப் பார்த்தால் தெரியாது. கட்டங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்திருந்தும் அன்று அவர் சொன்னதில் "நல்லாருக்கு" என்ற சொல் மட்டும்தான் என்னோடு பேருந்தில் ஏறி வந்தது.

பிக்சல் வேலையை உடனே செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. திங்கட்கிழமை எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி வந்தது. விழுப்புரத்தில் பத்து நாள். போய்வரவே நேரம் சரியாக இருந்தது. மிச்சம் கிடைத்த காலைகளில் என் லேப்டாப் அந்த மென்பொருளைத் தாங்கவில்லை. எட்டு வருடத்து லேப்டாப். படங்களைத் திறக்க ஆரம்பித்தவுடன் உறைந்து நின்றுவிடும். அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி உறைந்து. எங்கள் கல்லூரியில் நல்ல கணினிகள் நாற்பது இருக்கின்றன. ஆய்வகப் பொறுப்பாளரிடம் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு கணினி கேட்டேன்.

"பசங்களுக்கு ஆன்லைன் டெஸ்ட் வருது சார். வேற சாஃப்ட்வேர்லாம் ஏத்தக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை டெஸ்ட் இல்லியே."

"பிரின்சிபால் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

பிரின்சிபால் ஊரில் இல்லை. வந்த பிறகு, கடிதமாகக் கொடுங்கள் என்றார். கடிதம் கொடுத்தேன். அது துறைத் தலைவர் வழியாக வரவேண்டும் என்று திரும்பி வந்தது.

இந்த இடைவெளியில்தான் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறாள். பல வருடங்களாக, காலையில் நான் அந்த மேசையை அடைத்துக்கொண்டு உட்கார்வதைப் பொறுத்துக்கொண்டவள். ஒரு நாளாவது அவளுக்கு எதையாவது காட்டவேண்டும் என்று எனக்கு இருந்தது. திரையைத் திருப்பி, நான்கு பள்ளங்களையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இது ஒரு கிரகமா இருக்கலாம். யாரும் இதுவரைக்கும் பாக்காதது."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். "நெசமாவா?" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு மரியாதையை நான் கேட்டு நாளாகியிருந்தது. 'இருக்கலாம்' என்ற சொல்லை இன்னொரு முறை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. என் மச்சான். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். கூடவே போனில் ஓர் உள்ளூர்ச் செய்திப் பக்கமும் நடத்துகிறான். எந்தத் தெருவில் மின்தடை, எங்கே லாரி கவிழ்ந்தது, எந்த மண்டபத்தில் கண் சிகிச்சை முகாம் என்று போடுவான். ஊரில் பலர் அதைப் பார்க்கிறார்கள். அக்கா சொன்னதைக் கேட்ட அன்றைக்கே அவன் போட்டுவிட்டான். விடைத்தாள் பணியின் கடைசி நாள், விழுப்புரத்திலிருந்து திரும்புகிற பேருந்தில் இருந்தபோது, கூட வேலை செய்கிறவர் ஒருவர் அதை எனக்கு அனுப்பினார். என் கல்லூரி அடையாள அட்டைப் படம். பக்கத்தில் வளையம் போட்ட ஒரு கிரகம். 'புதிய கிரகம் கண்டுபிடிப்பு. நம்ம மாவட்டப் பேராசிரியர் சாதனை.'

உடனே போன் போட்டேன்.

"என்னா மச்சான் இது? யாரக் கேட்டுப் போட்ட?"

"அக்காதான் சொன்னுச்சு மாமா. ஏன், தப்பா போட்டுட்டனா? போட்டோ சரியில்லன்னா வேற அனுப்புங்க, மாத்திடுறேன்."

"போட்டோ இல்லடா. அது கிரகம்னு இன்னும் முடிவாகல. எடுத்துடு."

"எடுக்கறதா? மாமா, ஒரு மணி நேரத்துல எவ்ளோ பேரு ஷேர் பண்ணிருக்காங்க தெரியுமா? இவ்ளோ ஜாஸ்தி நம்ம பேஜ்ல வந்ததே இல்ல. இருங்க, கஸ்டமர் வந்துட்டாரு."

வைத்துவிட்டான்.

மறுநாள் கல்லூரி வாசலிலேயே கைகுலுக்கல் ஆரம்பித்தது. காலைக் கூட்டத்தில் பிரின்சிபால் என்னை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். மைக் என் கையில் வந்தது. "இது இன்னும் உறுதியாகலை. சரிபாக்க வேண்டியது நெறைய இருக்கு" என்றேன். பிரின்சிபால் மைக்கை வாங்கி, "பாருங்க, இவ்வளவு பெரிய விஷயத்த செஞ்சிட்டு எவ்வளவு தன்னடக்கம்" என்றார். கைதட்டல். நான் என்ன சொன்னாலும் அது அடக்கமாகத்தான் போய்ச் சேர்ந்தது. வகுப்பில் மாணவர்களிடம் விளக்கினேன். ஒருவன் எழுந்து, அந்தக் கிரகத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டான். துறைத் தலைவர் மட்டும் என்னிடம் பேசவில்லை. தன்னிடம் முதலில் சொல்லவில்லை என்று அவருக்குக் கோபம்.

ஒரு நல்லது நடந்தது. ஆய்வகக் கணினிக்கு அனுமதி அன்று மாலையே கையெழுத்தாகி வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சானின் நண்பர்கள் சேர்ந்து வைத்த ஃபிளெக்ஸ். 'கோள் கண்ட கோமகனே, வாழ்க.' கீழே வரிசையாக நண்பர்களின் படங்கள். எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் என்னையும் ஃபிளெக்ஸையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். நான் குடையை விரித்து, முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன்.

மேடம் அதைப் பார்த்திருந்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"பிக்சல் ஆச்சா சார்?"

"நாளைக்கு லேப் கெடைக்குது மேடம்."

"சரி" என்று சொல்லிவிட்டு, வேறொரு மாணவியின் தாளைத் திருத்தத் தொடங்கினார்.

மறுநாள் ஞாயிறு. ஆய்வகத்தில் நானும் காவலாளியும் மட்டும். அவர் கதவருகே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மென்பொருளை ஏற்றி, கட்டங்களைப் பிரித்து, வெளிச்சத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று நேரவாரியாகக் குறித்தேன். என் நட்சத்திரம்தான் மங்குகிறது என்றால், பள்ளம் விழுகிற நேரத்தில் அந்த மையம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். முதல் பள்ளத்தில் அது நகர்ந்தது. இரண்டாவதிலும் நகர்ந்தது. நான்கிலும் ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்ந்தது. மங்குவது என் நட்சத்திரம் இல்லை. இரண்டு கட்டம் தள்ளி இன்னொன்று இருந்தது. அதன் எண்ணைத் தேடினேன். தரையிலிருந்து எடுத்த ஒரு பழைய கணக்கெடுப்பில் அது ஏற்கெனவே பதிவாகியிருந்தது. ஒன்றையொன்று சுற்றி, மாறி மாறி மறைக்கும் இரட்டை நட்சத்திரம். அதன் சுற்றுக்காலமாகக் கொடுத்திருந்த எண், என்னுடைய இடைவெளிக்குச் சரியாக இரண்டு மடங்கு.

கணக்கு புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நட்சத்திரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. இது அதை மறைக்கிறபோதும், அது இதை மறைக்கிறபோதும் ஒரே ஆழத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் பெரியது. அந்த இரட்டையின் வெளிச்சத்தில் கொஞ்சம் மட்டும் சிந்தி என் நட்சத்திரத்தின் கட்டத்தில் விழுந்ததால், எனக்குச் சின்னதாக, ஒரு கோளின் அளவுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளத்தின் அடி தட்டையாக இருந்தது என்று சொன்னேனே, அதையும் மறுபடி பார்த்தேன். அது தட்டை இல்லை. இரட்டை நட்சத்திரத்துக்கு விழுகிற மாதிரிக் கூராகத்தான் இருந்தது. தட்டையாக இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன்.

காவலாளி, "முடிஞ்சிதா சார்? பூட்டலாமா?" என்று கேட்டார். "முடிஞ்சிது" என்றேன்.

வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார்.

"பெரும்பாலும் இப்படித்தான் சார் முடியும்."

"இந்த வருஷம் முடிஞ்சா, பட்டத்துக்கு ஒரு வருஷ எக்ஸ்டென்ஷன்தான் பாக்கி இருக்கு மேடம்."

"தெரியும்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல, இப்படித்தான் இருக்கும்னு?"

"பிக்சல் பாருங்கன்னு சொன்னேன் சார்" என்றார். அது உண்மையாக இருந்ததே எனக்கு அவர்மேல் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

வீட்டில் சொன்னேன். மனைவி முதலில் நம்பவில்லை. பிறகு, "அப்ப ஏன் என்கிட்ட காட்டுனீங்க?" என்றாள்.

"நீ ஏன் தம்பிகிட்ட சொன்ன?"

"சந்தோஷமா இருந்துச்சு, சொன்னேன். எங்க சென்டர்ல டாக்டர் கையெழுத்துப் போடாம ஒரு ரிப்போர்ட்டும் வெளிய போவாது. உங்களுக்கு அந்த மாதிரி ஒண்ணும் கெடையாதா?"

இருக்கிறது. அதைத்தான் நான் தாண்டிவிட்டேன்.

அந்த வாரமே திருவந்திபுரம் கோயிலில் மனைவியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்த நாளில் அங்கே எந்த மாப்பிள்ளை எந்தப் பெண்ணுக்கு என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படிக்கட்டு முழுக்க மாலையும் கழுத்துமாக ஜோடிகள். எங்கள் கூட்டத்தைக் கண்டுபிடித்த நிமிடத்திலிருந்து, தாலி கட்டுவதைப் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "கெரகம் கண்டுபுடிச்ச மாப்ள" என்று ஒருவர் இன்னொருவரிடம் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மணப்பெண்ணுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது போல, என்னைப் பார்க்கவே இல்லை.

என் மாமனாருக்குக் காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு. அதிகம் ஊரை விட்டு வராதவர். அன்று வெள்ளைச் சட்டையில், என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் அறிமுகம் செய்தார். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கணும். அந்த கெரகம் இப்ப யாரு பேர்ல இருக்கு? கவர்மெண்டு பேர்லயா, உங்க பேர்லயா?"

இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நின்று கேட்டார். அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை.

"மாமா, அது கெரகம் இல்ல. தப்பாயிடுச்சி. பக்கத்துல இருந்த வேற நட்சத்திரத்தோட வெளிச்சம் சேந்து விழுந்துருக்கு."

"அப்ப கெரகமே இல்லியா?"

"இல்ல மாமா."

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "நான் ஊரு பூரா சொல்லிட்டனே மாப்ள. பஞ்சாயத்து போர்டுல கூப்ட்டு டீ வாங்கிக் குடுத்தாங்க" என்றார். பாயசம் வருவதற்கு முன்னால் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்று முழுவதும் என் பக்கம் வரவில்லை. அதுவரை பிடித்திருந்த கையை அவர் விட்டதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ஃபிளெக்ஸையும் சால்வையையும் சிரித்துத் தள்ளிவிடலாம். அந்த மனிதருக்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

அதற்குப் பிறகு, இதைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்ற வெறி பிடித்தது. முதலில் மச்சான்.

"மறுப்பு போடு மச்சான்."

"'கிரகம் இல்ல'ன்னு போட்டா யாரு மாமா பாப்பாங்க? அது நியூஸே இல்ல. அப்டியே வுட்டுடுங்க, ஒரு வாரத்துல ஜனங்க மறந்துடுவாங்க."

பிரின்சிபாலிடம் எழுத்துப்பூர்வமாகக் கடிதம் கொடுத்தேன். படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இத இப்ப எதுக்கு சார் கெளப்பிக்கிட்டு? அடுத்த மாசம் காலேஜுக்கு கிரேடு போட கமிட்டி வருது. புக்லெட்ல ஒரு வரி போட்டாச்சு."

"அந்த வரி பொய் சார்."

"பொய்னு யாரு சார் சொல்றாங்க? நீங்கதானே கண்டுபுடிச்சீங்க, நீங்கதானே இல்லங்கிறீங்க."

"அதனாலதான் சார் சொல்றேன்."

மூன்று முறை போனேன். மூன்றாவது முறை, கமிட்டியில் யாராவது கேட்டால் நானே எழுந்து இல்லையென்று சொல்லிவிடுவேன் என்றேன். அதன் பிறகு அந்த வரி 'கோள்கள் குறித்த ஆய்வில் ஈடுபட்டுள்ளார்' என்று மாறியது. சால்வை போர்த்திய அதே பிரின்சிபால் அன்றிலிருந்து என் வணக்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறார். துறைத் தலைவர் மறுபடி பேசத் தொடங்கினார். அவருக்கு இப்போது என்மேல் இரக்கம். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஃபிளெக்ஸை யாரும் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, வெயில் ஏறுகிற நேரத்தில், மச்சானின் கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். எடுக்கிற வரைக்கும் எழமாட்டேன் என்றேன். அவன் இரண்டு வாடிக்கையாளரை அனுப்பினான். மூன்றாவது ஆளும் போனபின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பக்கத்துப் பெயின்ட் கடையில் ஏணி வாங்கிக்கொண்டு வந்தான். நான் ஏணியைப் பிடித்தேன். அவன் ஏறிக் கயிறுகளை அறுத்தான்.

"உங்களுக்கு நல்லதுன்னுதான் மாமா பண்ணேன்" என்றான், மேலே இருந்தபடியே. "எங்க அக்கா இத்தினி வருஷமா சொல்லிக்கினே இருக்கும், மாமா என்னமோ படிக்கிறாரு படிக்கிறாருன்னு. ஒரு நாளாச்சும் நாலு பேரு தெரிஞ்சிக்கட்டுமேன்னு தோணுச்சு."

அவன்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் முழுக்கப் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் பாதி என்மேலேயே திரும்பிவிட்டது. நிறுத்தத்தில் இருந்த ஆட்டோக்காரர், "என்ன சார், பதவி போச்சா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். ஃபிளெக்ஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனோம். அன்று மாலை மச்சான் தானாகவே ஒரு சின்ன வீடியோ போட்டான். 'முன்பு சொன்ன செய்தியில் ஒரு திருத்தம்.' என்னையும் பேசவைத்தான். பக்கத்து நட்சத்திரம், கட்டம், வெளிச்சம் சிந்துவது என்று நான் விளக்கினேன். அவன் சொன்னது சரி. யாரும் பார்க்கவில்லை. கீழே ஒரே ஒருவர், 'வாழ்த்துகள் சார்' என்று எழுதியிருந்தார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கோள் தேடுகிறவர்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் அந்த எண்ணுக்கு எதிரே, 'பக்கத்து இரட்டை நட்சத்திரத்தின் வெளிச்சம், கோள் அல்ல' என்று காரணங்களோடு பதிந்தேன். வேறு யாரும் என்னைப் போல அதில் நாட்களை விடவேண்டாம் என்றுதான். மேடம் அதைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி ஏமாற்றுகிற நட்சத்திரங்களை மட்டுமே தொகுத்து ஆய்வு செய்யலாமே என்றார். முதலில் எனக்கு அவமானமாக இருந்தது. ஐந்து வருடம் கோள் தேடிவிட்டு, கோள் இல்லாதவற்றின் பட்டியலைக் கொடுத்துப் பட்டம் வாங்குவதா? ஒரு மாதம் அவரைப் பார்க்கப் போகவில்லை. பிறகு போனேன். அவர் எதுவும் கேட்காமல், தலைப்பை மாற்றுவதற்கான படிவத்தை எடுத்து நீட்டினார். எனக்காக எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. ஒருமுறை தேதி தவறு, ஒருமுறை முத்திரை இல்லை. மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். கட்டுரையை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். பத்து வாரம் கழித்து மதிப்பீட்டாளரின் குறிப்புகள் வந்தன. ஆறு பக்கம். நிராகரிக்கவில்லை, ஏற்கவும் இல்லை. பாதி வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டிருப்பதில் நியாயம் இருக்கிறது என்பதுதான் அதில் மிகவும் எரிச்சலான விஷயம். நீட்டிப்புக் காலம் முடிய நான்கு மாதம் இருக்கிறது.

மாமனாரிடம் போன பலாப்பழக் காலத்தில் போய் ஒருமுறை பேசினேன். என்ன நடந்தது என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். புரிந்ததா என்று தெரியவில்லை. "சரி வுடுங்க மாப்ள" என்று மட்டும் சொன்னார். வண்டியில் இரண்டு பழம் ஏற்றிவிட்டார்.

இன்று காலை நாற்பது வரைபடங்கள் பார்த்தேன். ஒன்றிலும் எதுவும் இல்லை. ஏழு மணிக்கு மனைவி வந்து, "எடுங்க, தட்டு வெக்கணும்" என்றாள்.